கல்லை எடுத்துட்டுப் போங்க

மங்கலம்பேட்டையைத் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புகள் தொடங்கிவிடும். சித்திரை மாதத்தில் அந்த வழியாகப் போகிறவர்களுக்குத் தோப்பு கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாடை மூக்கில் ஏறிவிடும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு வீசிப்போட்ட பழங்கள் மரத்தடியில் குவிந்து, வெயிலில் புளித்துக் கிடக்கும். அந்தப் புளிப்பு வாடைக்குள் அர்ச்சுனனின் ஜீப் நுழைந்தபோது உச்சிப் பொழுது. மரங்களின் நிழல் மரங்களின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

ஜீப்புக்குப் பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லர். அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய பெரிய ஜெனரேட்டர். அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கரண்ட்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். கல்யாண வீட்டுக்காரர்கள் முகூர்த்தம் குறித்த கையோடு அர்ச்சுனனுக்குப் போன் செய்தார்கள். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் அவர். கட்டிலில் கால் நீட்டித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. கண்ணுக்குள் மணலைப் போட்டு மூடியது போல இருந்தது.

பக்கத்து சீட்டில் அவருடைய மனைவியின் தம்பி விருத்தகிரி. முப்பது வயதுக்காரன். வாய்க்கு ஓய்வே கொடுக்காமல் பேசுகிறவன். அன்றைக்கு அவனும் பேசவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே கிடந்து எழுந்து வந்தவன், ஜீப்பின் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். தூங்குகிறானா, விழித்திருக்கிறானா என்று சொல்ல முடியவில்லை.

வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக வழியில்லை. விருத்தாசலத்தில் சக்கரபாணியின் பீங்கான் பட்டறையில் சூளை எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து கரண்ட்டு இல்லை. ஒரு பழைய இன்ஜினை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவும் திணற ஆரம்பித்துவிட்டது. சூளைக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றுபோனால் உள்ளே அடுக்கியிருக்கும் ஜாடிகள் அத்தனையும் பாழ். சக்கரபாணி விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

வளைவு ஒன்று வந்தது. அர்ச்சுனன் அதில் திரும்பி, நேரான ரோட்டில் வண்டியை நிமிர்த்தினார்.

டயர் வெடித்த சத்தம் முதலில் அவருக்கு உறைக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து ஜீப்பின் இடுப்பைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் 'டமார்' என்ற சத்தமே மண்டையில் ஏறியது.

கால் தானாக பிரேக்குக்குப் போனது. போன காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பின்னால் இழுத்து வருகிற வண்டியில் டயர் போனால் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. ஜீப் நின்றுவிடும், ட்ரெய்லர் நிற்காது. அந்தப் பாரம் முன்னால் வந்து ஜீப்பை மடக்கி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிடும். அப்படிச் சாய்ந்த வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். அதில் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறார்.

இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ட்ரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாலை ஆட்டியது. பின்னால் வந்த பஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எதிரே மணல் லாரி.

"மாமா!"

"கத்தாதடா. கைய வெளிய நீட்டி, பின்னால வர்றவன மெதுவா வரச் சொல்லு."

மணல் லாரி காற்றை அறைந்துவிட்டுப் போனது. பஸ் விலகிப் போனது. ஜீப் தன் வேகத்தைத் தானே இழந்து, மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்த பிறகுதான் அர்ச்சுனன் பிரேக்கைத் தொட்டார். தாரை விட்டு மண்ணில் இறக்கி, சக்கரம் ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வரமுடியுமோ அவ்வளவு தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ரோட்டுப் பக்கத்துச் சக்கரம்தான் போயிருந்தது. டயர் கந்தலாகி இரும்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எரிந்த ரப்பர் வாடை.

அர்ச்சுனன் திரும்பி வளைவைப் பார்த்தார். கொஞ்ச தூரம்தான் தள்ளி வந்திருந்தார்கள். வளைவில் திரும்புகிறவனுக்குக் கடைசி நொடியில்தான் இவர்கள் நிற்பது தெரியும்.

"விருத்தகிரி, மொதல்ல கல்லு வைடா. வளைவுக்கு அந்தாண்டயிலருந்தே வைச்சுக்கிட்டு வா. கொழ ஒடிச்சு நட்டு வை. வர்றவன் பாத்து ஒதுங்கிப் போவட்டும்."

ரோடு போடக் கொட்டிய கருங்கல் ஓரத்தில் குவிந்து கிடந்தது. விருத்தகிரி பெரிய கல்லாகப் பார்த்து ஏழெட்டு எடுத்துப் போய் வரிசையாக வைத்தான். ஒன்றின் அடியில் முந்திரிக் கிளையைச் செருகினான். அர்ச்சுனன் நல்ல சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து ட்ரெய்லர் உருளாமல் செய்தார். மண் இளகலாக இருந்ததால் ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்தார்.

"நீ வேல செய்யாத. வளைவையே பாத்துக்கிட்டு நில்லு. ரோட்டுக்கு முதுகக் காட்டாத. எவனாவது தாறுமாறா வந்தான்னா கத்து. நானும் தோப்புக்குள்ள ஓடிர்றேன்."

ஜாக்கியைச் சுற்றினார். நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றும் கடக்கும்போது ட்ரெய்லர் ஜாக்கியின் மேல் ஒரு தடவை நடுங்கி நின்றது.

நடுவில் எல்லாச் சத்தமும் அடங்கியது.

ஒரு வண்டியும் இல்லை. தோப்புக்குள் கத்திக்கொண்டிருந்த குருவிகூட நிறுத்திக்கொண்டது. முந்திரிப்பழ வாடை போய், வேறொரு வாடை வந்தது. ஈரக் களிமண்ணின் வாடை. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

அர்ச்சுனன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ட்ரெய்லரின் அடிவழியாக அந்தப் பக்கம் தெரிந்தது. கற்களுக்குப் பக்கத்தில், கொதிக்கும் தாரின் மேல், இரண்டு பாதங்கள். ஒரு பெண்ணின் பாதங்கள். செருப்பில்லை. கணுக்கால் வரை வெள்ளைக் களிமண் அப்பியிருந்தது. பீங்கான் பட்டறையில் மண் மிதிக்கிற பெண்களுக்குக் கால் இப்படித்தான் இருக்கும்.

அந்த மண் காயவில்லை. ஈரமாகவே இருந்தது.

"அண்ணா, கல்ல எடுத்துட்டுத்தானே போவீங்க?"

களைத்துப்போன குரல். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பேசுகிற குரல்.

"எடுத்துருவோம்மா" என்றான் விருத்தகிரி. "நீ ஓரமா வா. வண்டி வந்துரும்."

பாதங்கள் அசையவில்லை.

"மறந்துட மாட்டீங்களே?"

"மறக்க மாட்டோம். நீ போம்மா."

"போன தடவ வெச்சவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

வளைவிலிருந்து ஒரு பஸ் சீறிக்கொண்டு வந்தது. அது எழுப்பிய புழுதி ட்ரெய்லருக்கு அடியில் புகுந்து அர்ச்சுனனின் கண்ணை மூடவைத்தது. திறந்தபோது பாதங்கள் இல்லை. எழுந்து பார்த்தார். விருத்தகிரி மட்டும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றான்.

"யாருடா அது?"

"தெரியல மாமா. தோப்புல கொட்ட பொறுக்க வந்த பொம்பள போல. இந்த வெயில்ல நிக்குது, மூஞ்சில ஒரு சொட்டு வேர்வ இல்ல." சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி முடித்தபோது போன் அடித்தது.

"அர்ச்சுனா, எங்கப்பா இருக்க?" சக்கரபாணியின் குரல் கெஞ்சியது. "இன்ஜின் நின்னு நின்னு ஓடுது. சூளயில சூடு எறங்குச்சுன்னா நான் செத்தேன்."

"தோ, கிளம்பிட்டோம். வந்துர்றோம்."

ஜாக்கியைத் தூக்கி உள்ளே எறிந்தார். "கல்ல எடுத்துட்டியாடா?"

விருத்தகிரி வளைவுப் பக்கமிருந்து நடந்து வந்து சீட்டில் விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆச்சு மாமா."

ஜீப் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் அர்ச்சுனனுக்கு வண்டி பாரமாக இருப்பது தெரிந்தது. மேடு இல்லை, நேர் ரோடு. மூன்றாவது கியரில் இழுக்கவில்லை. இரண்டாவதுக்கு மாற்றினார். இன்ஜின் முனகியது. மாட்டிய சக்கரம்தான் சுற்றாமல் பிடிக்கிறதோ என்று காதைக் கொடுத்தார்.

பின்னாலிருந்து ஒரு சத்தம்.

கர்ர்... கர்ர்...

தாரின் மேல் கல்லை இழுக்கிற சத்தம்.

"ஏதாவது தொங்குதாடா பின்னால?"

விருத்தகிரி தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து விறைத்திருந்தது.

கர்ர்... கர்ர்...

இவர்கள் வேகத்தைக் கூட்டினால் சத்தமும் கூடியது. குறைத்தால் குறைந்தது. களிமண் வாடை ஜீப்புக்குள் நிறைந்தது. மூச்சை இழுத்தால் தொண்டையில் ஈரம் ஒட்டியது.

அர்ச்சுனன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார்.

ஜெனரேட்டரின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. மஞ்சள் நூல் புடவை. இவர்களைப் பார்த்து உட்காரவில்லை. கடந்து வந்த ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி போகிற வேகத்தில் தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவளுடைய புடவை அசையவே இல்லை.

பிரேக்கை மிதிக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கத்தியது. அர்ச்சுனன் மிதிக்கவில்லை. பின்னால் லாரி, எதிரே பஸ். ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் ஓரமாக ஓர் இடம் வேண்டும். எது பின்னால் உட்கார்ந்திருந்தாலும் முதலில் இடம் வேண்டும்.

இடது பக்கம் ஒரு டீக்கடை. முன்னால் அகலமான வெட்டவெளி, ஒரு புங்க மரம். மெதுவாக இறக்கி, மரத்தடியில் நிறுத்தினார்.

சத்தமும் நின்றது.

இறங்கிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை, எதுவும் பிடிக்கவும் இல்லை. ஆனால் ஜெனரேட்டரின் மேல் தார்ப்பாய் குழிந்திருந்தது. அதற்குக் கீழே, ட்ரெய்லரின் பின்பக்கத்தில், வெயிலில் கை வைக்க முடியாதபடி கொதித்த இரும்புத் தகட்டில், வெள்ளை மண்ணில் பதிந்த இரண்டு பாதங்கள். ஓரத்தில் தண்ணீர் துளிர்த்து நின்றது.

விருத்தகிரி அதைப் பார்த்தான். அப்படியே புங்க மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"மாமா... நான் கல்ல எடுக்கல."

அர்ச்சுனன் அவனைப் பார்த்தார்.

"எடுக்கத்தான் போனேன். ரெண்ட காலால தள்ளுனேன். அப்புறம் வண்டியா வந்துச்சு. கால் நவுரல மாமா. கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. எவனாவது எடுத்துப் போட்டுருவான்னு..."

"எவன் எடுப்பான்?"

அவன் தலை குனிந்தான்.

போன் அடித்தது. சக்கரபாணி. அர்ச்சுனன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விருத்தாசலம் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் அரை மணியில் போய்விடலாம். திரும்பிப் போனால் சூளை போய்விடும். சக்கரபாணி இனிக் கூப்பிடவே மாட்டார். அர்ச்சுனனுக்குப் படுக்க வேண்டும் போல இருந்தது. அந்தப் புங்க மரத்தடியிலேயே, அந்தப் புழுதியிலேயே, யார் செத்தாலும் பிழைத்தாலும் சரி என்று படுத்துவிட வேண்டும் போல இருந்தது.

வளைவு அவர் கண்முன் வந்தது. வளைவில் திரும்பியதும் கருங்கல். இப்போது அங்கே நிற்கிற வண்டி எதுவும் இல்லை. வெறும் ரோட்டில் கல் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். லாரிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு சக்கரத்தில் வருகிறவன்தான்.

"எழுந்திரு. ட்ரெய்லர இங்கயே கழட்டி விட்டுட்டுப் போவலாம்."

அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு நடு ரோட்டில் வண்டியைத் திருப்ப முடியாது. சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். கொக்கியில் இருந்த ஊசியை உருவினார்கள். ட்ரெய்லரின் முன்கம்பியைத் தூக்கித்தான் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். இரண்டு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாலும் இடுப்பு விட்டுப்போகும் கனம்.

"ம்... தூக்கு."

கம்பி பூப்போல மேலே வந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பியின் நடுவில், அவர்களுடைய நான்கு கைகளுக்கும் இடையில், இரும்பில் வெள்ளையாக ஈரம் படர்ந்தது. ஐந்து விரல். பிறகு இன்னொரு ஐந்து விரல்.

 கம்பியைத் தாங்குகட்டையின் மேல் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். டீக்கடைக்காரர், ஒல்லியான மனிதர், கையில் டம்ளரோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

வளைவில் எதிர்ப்புறமாக ஜீப்பை ஓரம் கட்டினார்கள். கற்கள் அப்படியே இருந்தன. முந்திரிக் கிளை எந்த வண்டியிலோ அடிபட்டு நசுங்கிக் கிடந்தது.

"நீ வளைவுக்கு அந்தாண்ட போயி துண்ட ஆட்டு. வர்றவன நிதானமா வரச்சொல்லு. நான் எடுக்கறேன்."

விருத்தகிரி ஓடினான். அவனுடைய சிவப்புத் துண்டு தூரத்தில் அசைவது தெரிந்தது.

அர்ச்சுனன் முதல் கல்லைத் தூக்கினார். பொழுதுக்கும் வெயிலில் கிடந்த கல். கிணற்றுக்கு அடியிலிருந்து எடுத்தது போலச் சில்லென்றிருந்தது. கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, போனதும் இறங்கி எடுத்தார். ஏழெட்டுதான். முடித்துவிட்டுத் திரும்பினார்.

ரோட்டில் கல் இருந்தது.

இவர்கள் வைத்த கருங்கல் இல்லை. பாசி பிடித்த ஒரு பாறைத் துண்டு. அதை எடுத்தார். அதற்கு அப்பால் கறுத்துப்போன பாதிச் செங்கல். அதை எடுத்தார். தார் ஒட்டிய கல். சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல்லின் தலை. எண்ணெய் ஊறிய கல். எப்போதோ, யார் யாரோ, எந்தெந்த வண்டிக்கோ வைத்துவிட்டுப் போனவை.

எடுக்க எடுக்க இருந்தன.

பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. குனிந்தார், தூக்கினார், நடந்தார், போட்டார். நகம் பெயர்ந்தது. ஒன்று எடுத்தால் ஒன்று. முதுகுக்குப் பின்னால் இழுக்கிற சத்தம் கேட்டது. கர்ர்... அவர் ஒரு கல்லைப் பள்ளத்தில் போடும்போது, அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கல் பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ரோட்டோரத்தில் குந்திவிட்டார்.

"முடியலம்மா" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னார். "என்னால முடியல."

காதுக்கு மிக அருகில், ஈரமாக, அதே களைத்த குரல்.

"இன்னும் ஒண்ணு அண்ணா."

தலையைத் தூக்கினார்.

ரோட்டின் நடுவில், இதுவரை அவர் பார்த்தேயிராத ஒரு கல். தலையணை அளவு. அதன் ஒரு பக்கம் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது.

வளைவில் பஸ் திரும்பியது. பஸ்ஸின் வாலைப் பிடித்தபடி ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. ஓட்டுகிறவனுக்கு முன்னால் பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரியும். பின்னால் ஒரு பெண். மடியில் துணி சுற்றிய குழந்தை. பஸ் கல்லைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுக் கடந்தது.

அர்ச்சுனன் எப்படி எழுந்தார் என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸின் புழுதிக்குள் பாய்ந்தார். கல்லைக் கட்டிப் பிடித்தார். அது அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ கை கொடுத்தது போலக் கல் தாரை விட்டுக் கழன்றது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னுக்கு விழுந்தார்.

டிவிஎஸ் ஃபிஃப்டி அவருடைய காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

"யோவ், கண்ணு தெரியல? சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?" ஓட்டியவன் திரும்பித் திட்டினான். பின்னால் இருந்த பெண் குழந்தையின் தலையைத் துணியால் மூடினாள். வண்டி சின்னதாகி, வெயிலில் கரைந்துபோனது.

கையில் கல் இல்லை. சட்டை முழுக்க வெள்ளைக் களிமண்.

விருத்தகிரி ஓடிவந்து அவரைத் தூக்கினான். ரோடு வெறுமையாக இருந்தது. குருவி மறுபடி கத்த ஆரம்பித்திருந்தது. மண் ஓரத்தில் ஈரக் காலடிகள் மட்டும், தோப்புக்குள் போகாமல், ரோட்டோடு ரோடாக மங்கலம்பேட்டைப் பக்கம் போயிருந்தன.

ட்ரெய்லரை எடுக்கத் திரும்பியபோது டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ போட்டு வைத்தார். பழமலை என்று பெயர் சொன்னார். அர்ச்சுனனின் சட்டையைப் பார்த்தார். பக்கெட்டில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

"கல்லா?" என்றார்.

அர்ச்சுனன் தலையாட்டினார்.

"போன தை மாசம். ஒரு பொண்ணு விருத்தாசலத்துல பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போயிட்டு, சாயங்காலம் புருசங்கூட டிவிஎஸ்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வளைவுல எதோ லாரிக்காரன் டயர் மாத்திட்டு, வெச்ச கல்ல அப்படியே வுட்டுட்டுப் போயிட்டான். புருசன் பொழச்சுக்கிட்டான். அது பொழைக்கல." டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அதுலருந்து இந்த ரோட்டுல டயர் மாத்துன வண்டி இங்க வந்து நிக்கிறதும், மறுபடி திரும்பிப் போறதும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"திரும்பிப் போவாதவங்க?" விருத்தகிரி கேட்டான்.

பழமலை கழுவிய டம்ளரையே மறுபடி எடுத்துக் கழுவினார்.

அவர்கள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூளையின் சூடு இறங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. சக்கரபாணி திட்டவில்லை. சூளைக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வேண்டாம் அர்ச்சுனா. கொண்டுபோயிடு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. டயர் வெடித்தது, மாற்றினோம், நேரமாகிவிட்டது என்பதற்கு மேல் அர்ச்சுனனும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி பெரியநாயகி அந்தச் சட்டையை இரண்டு தடவை துவைத்தாள். வெள்ளை போகவில்லை. மூன்றாம் தடவை துவைக்காமல் அவளாகவே அதைக் கொண்டுபோய் எங்கோ போட்டுவிட்டு வந்தாள். 

விருத்தகிரி வேலையை விடவில்லை. ஆனால் வண்டி ஓடும்போது பேசுவதை விட்டுவிட்டான். கண்ணாடியையும் பார்க்கமாட்டான்.

ஐப்பசியில் ஒருநாள் திட்டக்குடியில் ஒரு வேலை முடித்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மங்கலம்பேட்டை ரோட்டுக்கும் அந்த ரோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. வெளிச்சம் மங்கிய சாயங்காலம். முன்னால் ஒரு நீளமான ட்ரெய்லர் லாரி ஓரம் கட்டி நின்றிருந்தது. டயர் மாற்றி முடித்திருந்தார்கள். ஜாக்கியை எடுத்து வைத்தாகிவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர் மட்டும் ஏறவில்லை. வடக்கத்திக்காரர் போல இருந்தார். ஆறடி உயரம், நரைத்த தாடி. மழையில் நனைந்தபடி ரோட்டில் குனிந்து கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.  தன் லாரியின் பின்பக்கத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அர்ச்சுனன் வேகத்தைக் குறைத்தார். விருத்தகிரி சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்த இடத்தைக் கடக்கும்போது ரோட்டில் கல் எதுவும் மீதி இல்லை என்பதை அர்ச்சுனன் நன்றாகவே பார்த்தார்.

டிரைவர் நிமிர்ந்தார். வெறும் ரோட்டைப் பார்த்து, மூச்சு வாங்க, பழக்கமில்லாத தமிழில் கேட்டார்.

"போதுமா அம்மா?"

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை.

பிறகு, பதில் கிடைத்தவர் போலத் தலையாட்டிவிட்டு, மறுபடி குனிந்து தேட ஆரம்பித்தார்.